மூன்று கிலோ ஓநாய்

"ஓநாய் என்ன அடுப்பு மூட்டிச் சமைத்தா தின்கிறது?"

பச்சைக் கறி உணவுக்கு ஆள் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டவுடன் பதில் வராது. எதிரே சோபாவில் பொமரேனியன் ஒன்று மல்லாந்து படுத்திருக்கும். தூக்கிப் பார்த்தால் மூன்று கிலோ தேறும். அதற்குள்ளே காட்டு மிருகம் ஒன்று பசியோடு காத்திருப்பது போலவும், நாம்தான் தயிர்சாதமும் பிஸ்கட்டும் போட்டு அதைக் கெடுத்துவிட்டது போலவும் ஒரு குற்றவுணர்வு வந்துவிடும். அந்த உணர்விலேயே அடுத்த நாள் காலை கோழிக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. போவதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய நாயாக இருந்தால் கணக்கில் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துக்கொள்ளும். சின்ன நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

பச்சை உணவு இயக்கம் அவ்வளவு பழையது அல்ல. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய ‘கிவ் யுவர் டாக் எ போன்’ என்ற புத்தகம்தான் அதைப் பரவலாக்கியது. சதை ஒட்டிய பச்சை எலும்பு, உறுப்புக் கறி, கொஞ்சம் காய்கறி: இதுவே நாயின் இயல்பான உணவு என்றார் அவர். ‘பார்ஃப்’ என்று அந்த முறைக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. அவர் எதிர்த்த பொட்டல உணவின் கதை 1860களின் லண்டனில், ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் விற்ற நாய் பிஸ்கட்டிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தொழில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டதும் உண்டு. 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்ததால் வட அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. கடைகளிலிருந்து பொட்டலங்கள் மொத்தமாகத் திரும்பப் பெறப்பட்டன. பொட்டல உணவின் மீது மக்களுக்கு இருக்கும் அவநம்பிக்கை காரணமில்லாமல் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஓநாய்க்கு வருவோம். நாய் ஓநாயின் வழிவந்ததுதான். வழியில் அதன் வயிறு மாறிவிட்டது. ஸ்வீடனின் எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் சுரக்கச் செய்யும் மரபணு ஒன்று இருக்கிறது, ஏ.எம்.ஒய்.2பி என்று அதற்குப் பெயர். ஓநாயிடம் அதற்கு 2 நகல்கள். நாய்களிடம் 4 முதல் 30 வரை. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் வீட்டுப் பின்புறம் கொட்டிய கூழையும் கஞ்சியையும் தின்று செரிக்க முடிந்த நாய்கள்தான் பெருகின என்பதே இதன் பொருள். பயிர்த்தொழிலோடு தொடர்பில்லாமல் வாழ்ந்த ஆஸ்திரேலிய டிங்கோவிடம் இந்த நகல்கள் பெருகவில்லை. பனிநாட்டு ஹஸ்கியிடமும் குறைவுதான். ஆக, நம் வீட்டு நாய் சோறு தின்பது நாம் செய்த பாவம் ஒன்றுமில்லை. அதற்கென்றே அதன் கணையம் சில ஆயிரம் ஆண்டுகளாகத் தயாராகி வந்திருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நாயின் உடலைச் சிறிதாக்குவதில் பெரும்பங்கு வகிக்கும் மரபணு மாற்றம், மனிதன் நாய் வளர்க்கத் தொடங்கியதற்கு வெகுகாலம் முன்பே, ஏறக்குறைய 54,000 ஆண்டுகள் பழமையான சைபீரிய ஓநாய் ஒன்றிடம் இருந்தது 2022இல் தெரியவந்தது. குட்டை நாய் என்பதற்கான விதை ஓநாய்க் கூட்டத்திலேயே கிடந்திருக்கிறது. ஆனால் மூன்று கிலோ எடையில் மானை விரட்டிப் பிடித்த ஓநாய் எதுவும் இருந்ததில்லை.

ஓநாயைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அதன் தட்டையும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஓநாய் மானின் நெஞ்சுக்கறியை மட்டும் தின்பதில்லை. ஈரல், இதயம், குடல், தோல், மெல்ல முடிந்த எலும்பு எல்லாம் உள்ளே போகிறது. கோழிக்கடையில் நாம் வாங்கும் எலும்பில்லாத பிராய்லர் சதைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இரண்டும் வேகாதவை.

பச்சை உணவால் நன்மையே இல்லையா? உண்டு. ருசி முதலாவது, பொட்டலத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்கூடப் பச்சைக் கறியைப் பார்த்தால் ஓடிவரும். எளிதில் செரிக்கிறது, அதனால் மலம் குறைவாகவும் இறுக்கமாகவும் வருகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் நாய் வளர்ப்பவர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பல ஆண்டுகளாகத் தகவல் திரட்டி வருகிறார்கள். குட்டிப் பருவத்தில் சமைக்காத கறியும் வீட்டு மிச்சமும் தின்ற நாய்களுக்குப் பின்னாளில் நாள்பட்ட குடல் கோளாறு குறைவாக இருந்ததாக அவர்கள் 2023இல் எழுதினார்கள். கவனிக்க வேண்டிய முடிவு. ஆனால் பச்சைக் கறி வாங்கிக் கொடுக்கும் வீடு மற்ற பல விஷயங்களிலும் மாறுபட்ட வீடாகத்தான் இருக்கும். பலன் கறியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்று வினாத்தாள் பிரித்துச் சொல்லாது. அந்தப் பட்டியலில் ‘வீட்டு மிச்சம்’ இருந்ததையும் பச்சை உணவுக்காரர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

பச்சைக் கறியில் உயிருள்ள நொதிகள் இருக்கின்றன, சமைத்தால் செத்துவிடும் என்ற பேச்சை மட்டும் ஒதுக்கிவிடலாம். செரிமானத்துக்கு வேண்டிய நொதிகளை நாயின் வயிறும் கணையமும் குடலும் தாமே சுரந்துகொள்கின்றன. கறியோடு போகும் நொதி இரைப்பை அமிலத்தில் மற்ற எல்லாப் புரதங்களையும் போலத்தான் சிதைகிறது.

இப்போது தட்டு. மூன்று கிலோ எடையுள்ள வளர்ந்த நாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சும்மா படுத்திருக்கவே அதற்கு நாளைக்கு ஏறக்குறைய 160 கிலோ கலோரி வேண்டும். முப்பது கிலோ லாப்ரடாருக்கு 900. எடை பத்து மடங்கு, தேவையோ ஆறு மடங்குகூட இல்லை. திருப்பிப் பார்த்தால், கிலோவுக்குக் கிலோ சின்ன நாய் அதிகம் எரிக்கிறது: லாப்ரடாரின் ஒரு கிலோவுக்கு 30, நம் பொமரேனியனின் ஒரு கிலோவுக்கு 53. நடமாட்டத்தையும் சேர்த்தால் இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 220 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதைத் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியாகவே கொடுத்தால் 200 கிராம் ஆகும். புரதம் தாராளம். கால்சியம்? 100 கிராம் கறியில் 12 மில்லிகிராம்தான் தேறும். மொத்தம் 25 மில்லிகிராம். இந்த நாய்க்கு வேண்டியதோ 220 மில்லிகிராமுக்கு மேல். பத்தில் ஒரு பங்குதான் தட்டில் இருக்கிறது. இதே கறியில் பாஸ்பரஸ் 400 மில்லிகிராமைத் தொடும். உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் சமமாகவோ, கால்சியம் இரண்டு பங்கு வரை கூடுதலாகவோ இருக்க வேண்டும். இங்கே பாஸ்பரஸ் பதினாறு மடங்கு கூடுதல்.

ரத்தத்தில் கால்சியம் குறைய உடல் விடாது. குறைந்தால் இதயத் துடிப்பே நிலைதடுமாறும். ஆகவே கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்குகின்றன. வளர்ந்த நாய்க்கு இது மெல்ல நடக்கும், வெளியே தெரிய மாதங்கள் ஆகும். குட்டிக்குச் சில வாரங்கள் போதும். "சும்மா சோபாவிலிருந்துதான் சார் குதித்தது, கால் ஒடிஞ்சிருச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு சதையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மங்கித் தெரியும். நல்ல கறியாக, வேறெதுவும் கலக்காமல் கொடுத்த வீட்டில்தான் இந்த நோய் வருகிறது என்பதுதான் கொடுமை.

கறியை வேகவைத்துக் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இங்கே அடுப்புக்கு வேலையே இல்லை. தயிர்சாதத்தையும் இதே தராசில் வைப்போம். 220 கிலோ கலோரி அளவுக்கு 120 கிராம் சோறும் 100 கிராம் தயிரும் பிசைந்தால், கால்சியம் ஓரளவு வந்துவிடும். புரதம் 7 கிராமைத் தாண்டாது. 10, 11 கிராமாவது வேண்டும். இரும்பும் துத்தநாகமும் பெயருக்குத்தான். ஆண்டுக்கணக்கில் தயிர்சாதத்தில் வளர்ந்த பொமரேனியனின் ரோமம் மங்கி, சதை கரைந்து, வயிறு மட்டும் உருண்டிருப்பதைப் பார்க்காத தெரு தமிழ்நாட்டில் குறைவு. பச்சைக் கறிக்கு மாறியதும் அந்த நாய்க்கு ஒரே மாதத்தில் பளபளப்பு வருவது உண்மை. வந்தது புரதத்தாலும் கொழுப்பாலும். வேகாத கறியால் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ஜெர்மனியில் 95 வீடுகளின் பச்சை உணவுப் பட்டியலைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி 60 சதவீதத்தில் ஏதோ ஒரு முக்கியச் சத்து கூடியோ குறைந்தோ இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தினர் வீட்டில் சமைப்பதற்கான 200 நாய் உணவுக் குறிப்புகளை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவை உள்பட, 2013இல் அலசினார்கள். 190 குறிப்புகளில் குறைந்தது ஒரு சத்தாவது பற்றவில்லை. சமைக்கிறவர்கள் சமைக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்க வழியில்லை. கண் அளவில் போட்டால் இரண்டு தட்டுமே சாயும்.

இனி சின்ன உடம்புக்கே உரிய சங்கடங்கள்.

நாயின் உணவுக்குழாயில் மூன்று குறுகலான இடங்கள் உண்டு: கழுத்து மார்புக்குள் நுழையும் இடம், இதயத்தின் மேற்புறம், உதரவிதானத்தைத் துளைக்கும் இடம். விழுங்கிய எலும்பு சிக்கினால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் சிக்கும். நாயின் உணவுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் எலும்புக்கே முதலிடம். யார்க்‌ஷயர் டெரியர், வெஸ்டி, ஷீ ட்சூ போன்ற சின்ன ஜாதிகள்தான் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருகின்றன. கோழிக் கழுத்து லாப்ரடாருக்கு ஒரு வாய். மூன்று கிலோ நாய்க்கு அது தன் கழுத்தின் கனமே உள்ள பண்டம். பக்கத்தில் இன்னொரு நாய் நின்றால் போட்டியில் மெல்லாமல் விழுங்கப் பார்க்கும். எச்சில் ஒழுகுவது, வெறும் வாயை மீண்டும் மீண்டும் விழுங்குவது, கழுத்தை நீட்டிக் குமட்டுவது ஆகியவை தெரிந்தால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சிக்கிய எலும்பு குழாயின் சுவரை அரித்து ஓட்டை போட ஒரு நாள் இரண்டு நாள் போதும்.

வெந்த எலும்பு சில்லு சில்லாக உடையும், பச்சை எலும்பு அப்படி உடையாது என்பார்கள். அது சரிதான். பச்சை எலும்பு சிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை.

பல்லுக்கு எலும்பு நல்லது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்தபோது பல்லில் படிந்த காரை நன்றாகவே குறைந்தது. ஆனால் பீகிளின் தாடை வேறு, சிவாவாவின் தாடை வேறு. சின்ன ஜாதி நாய்களில் உடல் சிறுத்த அளவுக்குப் பல் சிறுக்கவில்லை; இத்தனூண்டு தாடையில் 42 பற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் வேர் ஏறக்குறைய தாடையெலும்பின் அடி விளிம்பு வரை இறங்கியிருக்கும். ஈறு நோய் இந்த நாய்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அது அந்த வேரைச் சுற்றியுள்ள எலும்பைத் தின்றுவிட்டால், தாடையைத் தாங்க மெல்லிய பட்டை ஒன்றுதான் மிச்சம். அப்படிப்பட்ட வாயில் கடினமான எலும்பைக் கொடுத்துத் தாடையே ஒடிந்த கேஸ்களைப் பல் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்று அவர்கள் சொல்வது இதனால்தான். பிரஷ் பிடித்துத் தேய்ப்பது அலுப்பான வேலைதான். ஆனாலும் அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை.

கொழுப்பையும் விட முடியாது. கோழியின் தோல் 15 கிராம், அதாவது விரல் நீளத் துண்டு, 50 கிலோ கலோரிக்கு மேல் கொடுக்கும். நம் நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கு. கடைக்காரர் அள்ளிப் போடும் ‘நாய்க்கறி’ப் பொட்டலத்தில் தோலும் கொழுப்பும்தான் பாதி. இவ்வளவு கொழுப்பு திடீரென்று உள்ளே போனால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி, தன் நொதியால் தன்னையே செரித்துக்கொள்ளத் தொடங்கும். மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர் வகைகளுக்கு இந்த ஆபத்து மற்றவற்றைவிட அதிகம். நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, தொழுவது போல நாய் நின்றால் வயிற்றில் கடும் வலி என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதக் குட்டி என்றால் வேறொரு தொல்லை: ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, வாந்தி பேதியால் ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தச் சர்க்கரை சரிந்து துவண்டுவிடும்.

அடுத்தது கிருமி. காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கோழிக்கடையில் நின்று பாருங்கள். "அண்ணே, நாய்க்குக் கழுத்தும் காலும் ஒரு கிலோ போடுங்க" என்பார் ஒருவர். அண்ணன் திரும்பிக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் கையை விடுவார். மனிதனுக்கான கறி மேலே கட்டையில் வெட்டுப்பட்டு உடனே பையில் போகிறது. நாய்க்கானது அந்தத் தொட்டியில், குடலோடும் ரத்தத்தோடும், காலையிலிருந்து வெயில் ஏற ஏறச் சேர்ந்துகொண்டிருக்கிறது. நம் வெப்பத்தில் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக முடியும். வீட்டுக்குப் போய்க் கொதிக்கவைத்துச் சோற்றோடு பிசைந்து போடுவதால்தான் இத்தனை காலம் இது பெரிய வம்பில்லாமல் ஓடுகிறது. கொதிக்கவைப்பதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் இப்போது நடக்கும் மாற்றம்.

சுத்தமாகத் தயாரித்து, உறையவைத்து, பொட்டலமாக வந்தால்? நெதர்லாந்தில் அப்படி விற்ற 35 தயாரிப்புகளைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். 19இல் லிஸ்டீரியா, 8இல் ஆபத்தான ஈ.கோலை ஓ157, 7இல் சால்மொனெல்லா. பல ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கும் வகை ஈ.கோலை 28இல். உறைகுளிர் ஒட்டுண்ணிகளில் பலவற்றைக் கொல்லும், அதுவும் மைனஸ் 20 டிகிரியில் நாள்கணக்கில் வைத்தால். பாக்டீரியாக்கள் உறைந்து கிடந்து, பனி விட்டதும் எழுந்துகொள்ளும். மஞ்சள் தடவுவதும் வினிகரில் அலசுவதும் மேற்பரப்பில் கொஞ்சம் குறைக்கலாம். கைமாவில் மேற்பரப்பு எது, உள்ளே எது? மிக உயர்ந்த அழுத்தத்தில் பதப்படுத்தும் முறை ஒன்று இருக்கிறது, அது நிஜமாகவே கிருமிகளை வெகுவாகக் குறைக்கும். வாங்கும் பொட்டலத்தில் அப்படிச் செய்யப்பட்டதாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

நாயின் வயிற்று அமிலம் கடுமையானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. கனடாவில் பார்ஃப் உணவு தின்ற 10 நாய்களைப் பார்த்தபோது, 8 நாய்களின் உணவிலும் 3 நாய்களின் மலத்திலும் சால்மொனெல்லா இருந்தது. நோய்க்கு அறிகுறி இல்லாமலே நாய் கிருமியைச் சுமந்து வெளியேற்றுகிறது. காவலுக்குக் கட்டிப்போட்ட ராஜபாளையம் வாசலில் வெளியேற்றும். பொமரேனியன் தலையணையில் படுக்கிறது, பேரக்குழந்தையின் வாயை நக்குகிறது. 2017இல் இங்கிலாந்தில் ஒரே வகை ஈ.கோலை ஓ157 நாலு பேரைத் தாக்கியது; மூன்று பேர் வீட்டில் பச்சை நாய் உணவோடு தொடர்பு இருந்தது; நால்வரில் ஒருவர் இறந்துபோனார். நம் ஊர்க் கறியின் கிருமிகளுக்கு மருந்து கேட்காமலும் போகலாம்: கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் எப்படிப் புழங்கியது என்பதற்கு, மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைப் பண்ணைகளில் பயன்படுத்த 2019இல் இந்திய அரசே தடை போட வேண்டி வந்தது சாட்சி.

நாய்க்கே ஒன்றும் ஆகாது என்பதையும் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு அசைத்துவிட்டது. நாய்களுக்கு ஒரு முடக்குவாதம் வருவதுண்டு. முதலில் பின்னங்கால் தள்ளாடும், சில நாள்களில் முன்னங்காலும் விழும், குரல் மாறும், மோசமானால் மூச்சு விடும் தசைகளும் சோர்ந்துவிடும். மனிதர்களுக்கு வரும் கில்லன் பாரே நோயின் அதே வகை; கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட எதிர்ப்பாற்றல், ஆள் மாறி நரம்பு வேர்களைத் தாக்குகிறது. மனிதர்களில் இதைத் தூண்டிவிடும் கேம்பிலோபாக்டர் கிருமி நாய்களிலும் காரணமா என்று பார்த்தார்கள். முடங்கிய 27 நாய்களில் 96 சதவீதம் பச்சைக் கோழி தின்றவை. ஒப்பீட்டுக்கு எடுத்த 47 நாய்களில் 26 சதவீதம். நோய் தொடங்கி ஏழு நாளுக்குள் மலம் பரிசோதித்தவற்றில் கேம்பிலோபாக்டர் இருக்கும் வாய்ப்பு ஒன்பது மடங்குக்கு மேல். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய வரியும் அதில் இருக்கிறது: பச்சைக் கோழியோடு, சின்ன ஜாதியாக இருப்பதும் நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் சின்ன நாய்களுக்குப் பச்சைக் கோழிக் கழுத்து கொடுப்பது பழக்கம். பெரும்பாலான நாய்கள் தேறிவிடுகின்றன. ஆனால் மாதக்கணக்கில் படுக்கையிலேயே புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கறிதானே கொடுக்கிறேன் என்பவர்கள் நுரையீரலையும் ஈரலையும் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் வெளுத்த கொப்புளம் ஒன்று புடைத்திருக்கும்; குத்தினால் தெளிந்த நீர் பீய்ச்சும். எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் நீர்க்கட்டி அது. அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள் ஒட்டி வளர்கின்றன. நாய்க்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆறேழு வாரத்தில் மலத்தோடு முட்டை வெளிவந்து ரோமத்தில் ஒட்டிக்கொள்கிறது. தடவிய கையோடு சாப்பிட்ட மனிதனுக்கு அந்த முட்டை ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாகி, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்து, கடைசியில் அறுவை சிகிச்சைக்கு வருகிறது. இந்தியாவில் இது அபூர்வ நோய் அல்ல. பிராசிகுவான்டெல் சேராத பூச்சி மாத்திரை இந்தப் புழுவைத் தொடாது. நன்றாகக் கொதிக்கவைத்தால் கட்டியில் உயிர் மிஞ்சாது.

இவ்வளவுக்கும் பிறகு என் முடிவு ஒளிவுமறைவானது அல்ல: பத்து கிலோவுக்குக் கீழே உள்ள நாய்க்கு, நம் வெப்பத்தில், நம் கடைக் கறியில், பச்சை உணவு வேண்டாம். அதில் கிடைப்பதாகச் சொல்லும் ருசி, செரிமானம், ரோமப் பளபளப்பு அத்தனையும் வேகவைத்த கறியிலும் கிடைக்கிறது. தோலையும் எலும்பையும் நீக்கி, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். வேகும்போது தண்ணீரில் இறங்கும் சத்து வீணாகாமல் அந்தத் தண்ணீரோடே சோற்றைப் பிசையுங்கள். கால்சியத்துக்கு முட்டை ஓடு போதும். கொதிக்கவைத்துக் காயவைத்து மாவாக அரைத்தால், ஒரு கிராமில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம். மூன்று கிலோ நாய்க்கு நாளைக்கு அரை கிராமுக்குச் சற்று மேல், இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை. அள்ளிப் போட்டால் மலச்சிக்கல்தான் மிச்சம். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை முட்டை ஓட்டில் வராது. அதற்கு வளர்ந்த நாய்க்கான சத்துப்பொடியை எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஈரல் நல்லது என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, கொட்டைப்பாக்களவு. குட்டிக்கு இந்தப் பரிசோதனைகள் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல பொட்டல உணவே பாதுகாப்பு. தினமும் சமைக்க நேரமில்லாதவர்கள் வளர்ந்த நாய்க்கும் பாதிக்குமேல் பொட்டல உணவு, மேலே கொஞ்சம் வெந்த கறி என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகக் கெடாது.

இதையெல்லாம் படித்துவிட்டும் பச்சைதான் கொடுப்பேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சம்: வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ, கீமோதெரபி எடுப்பவரோ இருந்தால் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். மற்ற வீடுகளில், கறி மனிதனுக்கு வெட்டிய கட்டையிலிருந்து வரட்டும், தொட்டியிலிருந்து வேண்டாம். எலும்பை முழுதாகக் கொடுக்காமல் கறியோடு சேர்த்து நைய அரைத்துக் கொடுங்கள். பனி விடுவது பிரிட்ஜுக்குள்ளேயே நடக்கட்டும், சமையல் மேடையில் அல்ல. இருபது நிமிடத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டுங்கள். பாத்திரம் எவர்சில்வராக, நாய்க்கென்று தனியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் கீறல்களில் சால்மொனெல்லா குடியேறினால் சாதாரணக் கழுவலில் போகாது. பூச்சி மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுக்க வேண்டும். நாய்க்கு உடம்பு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடும் நாளில், என்ன சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டால், திட்டுவாரோ என்று பயந்து "தயிர்சாதம்தான் சார்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று அவர் அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.